மருந்துக்குப் பழகுவது யார்?

சிறுநீர்க் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கையைக் கையில் வாங்கியவர்கள் முதலில் கிருமியின் பெயரைப் பார்ப்பதில்லை. கீழே வரிசையாக இருக்கும் மருந்துப் பெயர்களையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அடித்திருக்கும் ஒற்றை ஆங்கில எழுத்தையும்தான் பார்க்கிறார்கள். எஸ், ஐ, ஆர். எஸ் என்றால் அந்த மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ இடைநடுவில். இதில் ஆர் ஏழெட்டு இடத்தில் விழுந்திருந்தால் வீடு கலங்கிவிடும். "கண்ட கண்ட குளிசையைப் போட்டு உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு, இனி ஒண்டும் கேக்காது" என்று யாராவது ஒருவர் சொல்லியும்விடுவார்.

இந்த ஒரு வசனத்தில் பாதி சரி, பாதி பிழை. பிழையான பாதிதான் ஆபத்தானது. உடம்பு பழகியிருந்தால் பிரச்சினை அந்த ஒருவரோடு முடிந்துவிடும். பழகியிருப்பது அவருக்குள் இருக்கும் கிருமி. அது ஆள் மாறும், வாட்டு மாறும், ஊரும் மாறும். வாழ்நாளில் அன்டிபயோட்டிக்கே தொடாத ஒருவருக்கும் எல்லா மருந்துக்கும் ஆர் காட்டுகிற கிருமி வரலாம்.

சொல்லிலேயே ஒரு குழப்பம்

சுகாதாரப் பதாகைகளில் இதை "நுண்ணுயிர் எதிர்ப்பு" என்று எழுதுகிறார்கள். தமிழில் இதை வாசிக்கிற சாதாரண ஆளுக்கு, நுண்ணுயிரை எதிர்க்கிற ஏதோ நல்ல விடயம் என்றுதான் படும். "நோய் எதிர்ப்புச் சக்தி" என்ற சொல் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அது கூடினால் நல்லது. அப்படியிருக்க "எதிர்ப்பு கூடுகிறது" என்ற தலைப்புக்கு ஏன் பயப்பட வேண்டும்? ஆகவே இங்கே மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

1. அன்டிபயோட்டிக்: பக்டீரியாவைக் கொல்லும், அல்லது அது பெருகுவதைத் தடுக்கும் மருந்து. அமொக்சிசிலின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளொக்சசின் எல்லாம் இதற்குள் வரும். பனடோல் வராது.

2. நோய் எதிர்ப்புச் சக்தி: உடம்பு கிருமியை எதிர்ப்பது. தடுப்பூசி வளர்ப்பது இதைத்தான்.

3. மருந்து எதிர்ப்பு: கிருமி மருந்தை எதிர்ப்பது. இந்தக் கட்டுரையின் விடயம் இது.

கிருமி எப்படித் தப்புகிறது?

தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ வயல் செய்கிறவருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரே களைநாசினியைப் போகத்துக்குப் போகம் அடித்தால் கொஞ்சக் காலத்தில் சில களை சாகாமல் நிற்கும். நாசினி அந்தக் களைக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆயிரத்தில் ஒன்று முதலே தாங்கக்கூடியதாக இருந்தது; மற்றவை செத்ததும் அதற்கு வெளிச்சமும் பசளையும் தனியாகக் கிடைத்தன. அடுத்த போகத்துக்கு விதை போடுவது அதுதான்.

பக்டீரியாவில் இதே கதை பயங்கர வேகத்தில் நடக்கிறது. ஈகோலை என்ற குடல் பக்டீரியா நல்ல சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்த வேகத்தில் ஒன்று பத்து மணி நேரத்தில் நூறு கோடியைத் தாண்டிவிடும். இத்தனை பிரதிகளில் ஒன்றிரண்டில் எழுத்துப்பிழை வருவது சாதாரணம். அந்தப் பிழைகளில் எப்போதாவது ஒன்று மருந்திலிருந்து தப்ப உதவுகிறது. தப்பும் வழிகள் முக்கியமாக நான்கு:

1. மருந்தை வெட்டிப் போடும் நொதியத்தைச் செய்வது. பெனிசிலின் வகை மருந்துகளுக்கு எதிரான பழைய தந்திரம் இது. அமொக்சிசிலினோடு கிளவுலானிக் அமிலம் சேர்த்து விற்கும் குளிசை, இந்த நொதியத்தைக் கட்டிப்போடவே வந்தது.

2. உள்ளே வந்த மருந்தைப் பம்பி வெளியே தள்ளுவது.

3. மருந்து நுழையும் துவாரங்களை ஒடுக்குவது.

4. மருந்து போய் ஒட்டவேண்டிய இடத்தையே மாற்றிக்கொள்வது. மெதிசிலின் என்ற பெனிசிலின் வகை மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகொக்கஸ் பக்டீரியா, அதாவது எம்ஆர்எஸ்ஏ, செய்தது இது. மெதிசிலின் பாவனைக்கு வந்து ஓரிரு வருடத்திலேயே, 1961இல், இங்கிலாந்தில் இது கண்டறியப்பட்டது.

களையோடு சொன்ன ஒப்புமை இந்த இடத்தில் உடைந்துவிடும். களை தன் குணத்தைத் தன் விதைக்கு மட்டும்தான் கொடுக்கும். பக்டீரியா பக்கத்தில் நிற்கும் வேறு இனப் பக்டீரியாவுக்கும் கொடுக்கும். பிளாஸ்மிட் என்ற சிறிய மரபணு வளையம் ஒன்றைக் கைமாற்றிவிட்டால் போதும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துக்கான எதிர்ப்பு சேர்ந்திருப்பதும் உண்டு. அதனால்தான் ஒரு மருந்தைப் பாவித்த ஆளின் அறிக்கையில், அவர் கண்ணாலும் காணாத இன்னும் மூன்று மருந்துக்கு ஆர் விழுகிறது. அப்படிப்பட்ட பக்டீரியா எந்த நோயும் காட்டாமல் குடலில் மாதக்கணக்காகக் குடியிருக்கவும் கூடும். பிறகு ஒருநாள் சிறுநீர்ப்பைக்கோ சத்திரசிகிச்சைக் காயத்துக்கோ போய்ச் சேரும்போதுதான் வெளியே தெரியும்.

இங்கே வரும் காய்ச்சல்கள்

அன்டிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. இதைப் பலரும் கேட்டிருப்பார்கள். ஆனால் காய்ச்சல் வந்த முதல் நாளில், உள்ளே இருப்பது வைரஸா பக்டீரியாவா என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்குத் தெரியாது; பல வேளை வைத்தியருக்கும் உடனே தெரியாது. வீண் பாவனையின் வேர் பெரும்பாலும் இந்தத் தெரியாமைதான். வெறும் அறியாமை என்று மக்கள் மேல் பழிபோடுவது எனக்கு உடன்பாடில்லை.

திருகோணமலையில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். ஐப்பசியில் மழை தொடங்கினால் மாரி முடியும்வரை, ஏறக்குறைய ஒரே மாதிரித் தொடங்கும் பலவகைக் காய்ச்சல்கள் பக்கத்துப் பக்கத்தில் உலாவும்.

தடிமன், சளிக்காய்ச்சல், பெரும்பாலான தொண்டை நோ எல்லாம் வைரஸ். இருமல் இரண்டு மூன்று கிழமை இழுத்தாலும், சளி மஞ்சளாக மாறினாலும், அது மட்டும் வைத்து அன்டிபயோட்டிக் வேண்டும் என்று சொல்ல முடியாது. மூச்சு வேகமாகினால், காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினால், அது வேறு கதை.

டெங்கும் வைரஸ். 2017இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே கிண்ணியா கடுமையாக அடிவாங்கியது. டெங்குக்கு வேண்டியது நீராகாரக் கணக்கும் இரத்தப் பரிசோதனையும், நேரத்துக்கு வாட்டில் சேர்வதும். இரண்டு நாளைக்கு அன்டிபயோட்டிக் போட்டுப் பார்ப்போம் என்று காத்திருந்தால் கைவிட்டுப் போவது அந்த நேரம்தான்.

எலிக்காய்ச்சல் அப்படியே தலைகீழ். அது பக்டீரியா, நேரத்துக்குக் கொடுத்த அன்டிபயோட்டிக் உயிரைக் காப்பாற்றும். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக, ஆபத்தான காலத்தில் கிழமைக்கு ஒருமுறை டொக்சிசைக்கிளின் கொடுப்பதும் உண்டு. அன்டிபயோட்டிக்கைக் குறையுங்கள் என்ற பிரசாரத்தைக் கேட்டு இதை வேண்டாம் என்று சொல்வது முட்டாள்தனம். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது இது. தம்பிக்குத் தந்த துண்டைக் காட்டி அண்ணன் வாங்கிப் போடுவதுபோல் அல்ல.

அடுத்தது அதிகம் பேர் கேட்டிராத மெலியோய்டோசிஸ். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பக்டீரியாவால் வருவது, மழைக்காலத்தில் கூடும், நீரிழிவு உள்ளவர்களைக் குறிவைக்கும். இலங்கையில் பல மாவட்டங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வழமையாகக் கொடுக்கும் பல அன்டிபயோட்டிக்குகளுக்கு இந்தக் கிருமி பிறவியிலேயே அடங்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியை நாள்கணக்கில் ஏற்றி, அதன்பின் மாதக்கணக்கில் குளிசை கொடுக்க வேண்டும். மெரோபெனெமைச் சாதாரணத் தொற்றுக்கெல்லாம் செலவழித்துத் தீர்க்கக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு, வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

பாமசிக் கவுன்டரில்

சட்டப்படி அன்டிபயோட்டிக் வைத்தியரின் துண்டுக்குத்தான் விற்கவேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இதைக் கண்காணிக்கிறது. நடைமுறையில் "தொண்டை நோகுது, ரெண்டு நாளைக்குத் தாங்க" என்று கேட்டு வாங்கிப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

ஏன் நடக்கிறது? கடலுக்குப் போகிறவர் அல்லது நாட்கூலிக்குப் போகிறவர் ஓபீடி வரிசையில் நின்றால் ஒரு நாள் உழைப்புப் போகும். தனியார் கிளினிக் என்றால் காசு போகும். கவுன்டரில் ஐந்து நிமிடம். அதோடு, தடிமன் தானாகவே ஐந்தாம் நாள் இறங்கும். மூன்றாம் நாள் போட்ட குளிசைக்கு அந்தப் பெயர் போய்ச் சேரும். அடுத்தமுறையும் அதே குளிசை. இந்தச் சுழலைப் பதாகை ஒட்டி உடைக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால் இது முன்கூட்டியே சொல்லப்பட்ட கதை. 1928இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் தன் நோபல் உரையில் ஓர் ஆளைக் கற்பனை செய்தார். அந்த ஆளுக்குத் தொண்டை நோ. கடையில் பெனிசிலின் வாங்கி, கிருமி சாகாத அளவு, ஆனால் அதற்குத் தாங்கப் பழக்கும் அளவு போடுகிறார். தொற்று மனைவிக்குப் போகிறது. மனைவிக்கு அது நிமோனியாவாகி, பெனிசிலின் கொடுத்தும் பலனில்லாமல் இறந்துபோகிறாள். மருந்தைப் பிழையாகப் பாவித்தது ஒருவர், இறந்தது இன்னொருவர். தொடக்கத்தில் சொன்ன, ஆள் மாறும் கிருமியின் கதை இதுவேதான்.

கவுன்டரில் எல்லா மருந்தும் ஒரே பாரமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் இருந்து அன்டிபயோட்டிக்குகளை மூன்றாகப் பிரிக்கிறது.

1. முதலில் எட்டவேண்டியவை: அமொக்சிசிலின், டொக்சிசைக்கிளின், குளொக்சசிலின் போன்றவை. சாதாரணத் தொற்றுகளுக்கு இவை போதும்.

2. கண்வைத்துப் பாவிக்கவேண்டியவை: அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளொக்சசின், செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனெம். எதிர்ப்பு வளரும் ஆபத்துக் கூட.

3. கடைசிக்கு ஒதுக்கியவை: கொலிஸ்டின், லினெசோலிட். வேறு ஒன்றும் கேட்காதபோது மட்டும்.

"மூன்று நாளில் முடியும், ஒரு நாளைக்கு ஒன்று" என்று மக்கள் விரும்பிக் கேட்கும் அசித்ரோமைசின் இரண்டாவது வகையில் இருப்பதைக் கவனியுங்கள். பாவிக்க இலகு என்பதற்காக அது இலேசான மருந்து ஆகிவிடாது. விலை கூடினால் "பவர்" கூட என்ற கணக்கும் இப்படித்தான். நல்ல மருந்து என்பது அந்தக் கிருமியை மட்டும் அடிக்கிற மருந்து.

சரி, "கோர்ஸை முடிக்க வேண்டும்" என்பது? இதில் வைத்திய உலகமே கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு பத்து நாள், பதினான்கு நாள் என்று எழுதிய பல தொற்றுகளுக்கு இப்போது ஐந்து நாள், ஏழு நாள் போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாள் கூடக்கூடக் குடலில் இருக்கும் மற்றப் பக்டீரியாக்கள் மருந்தைச் சந்திக்கும் காலமும் கூடுகிறது. ஆனால் இதை வைத்து "காய்ச்சல் விட்டது, நிறுத்திவிட்டேன்" என்று நாமே முடிவெடுக்க முடியாது. காசநோய்க்கு ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான். இடையில் விட்டவர்களால் வந்த வினை பல மருந்துக்கு அடங்காத காசநோய். எழுதிய நாட்களுக்குப் போடுங்கள். முன்னரே நிறுத்தலாமா என்ற கேள்வியை எழுதியவரிடமே கேளுங்கள். மிச்சம் வந்தால் அலுமாரியில் அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

வாட்டுக்குள்

வைத்தியசாலைதான் அன்டிபயோட்டிக் மிகத் தேவைப்படும் இடம். எதிர்ப்புள்ள கிருமிகள் ஒன்றையொன்று சந்திக்கும் சந்தையும் அதுதான். நோயாளி பலவீனம், ஊசிக்குழாய், சிறுநீர்க்குழாய், காயம், நெருங்கிய கட்டில்கள். இங்கே பொறுப்பான பாவனை என்பது கைப்பிடி அளவு நடைமுறைகளால் ஆனது.

முதலாவது, மருந்துக்கு முன் மாதிரி. இரத்தமோ சிறுநீரோ சளியோ கல்ச்சருக்கு எடுத்தபிறகே முதல் வேளை அன்டிபயோட்டிக் ஏற்றுவது நல்லது. ஏற்றியபின் எடுத்தால் கிருமி தட்டில் முளைக்காமலே போகலாம். முளைக்க ஒரு நாள். முளைத்ததை எடுத்து மருந்து வில்லைகள் வைத்த தட்டில் பரப்பி, எந்த வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழுகிறது என்று பார்க்க இன்னொரு நாள். அந்த வட்டத்தின் அகலத்தை அளந்துதான் எஸ், ஐ, ஆர் எழுதப்படுகிறது. எஸ் என்றால் வழமையான அளவில் கேட்கும். ஐ என்றால் அளவைக் கூட்டினால் கேட்கக்கூடும். ஆர் என்றால் அதை நம்பாதே. கல்ச்சர் வசதி எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. சிறிய இடத்திலிருந்து மாதிரி வேறிடம் போய் வர இன்னும் நேரம் எடுக்கும்.

ஆகவே அந்த இரண்டு மூன்று நாளும் வைத்தியர் அனுமானத்தில்தான் ஓடுகிறார். கடும் தொற்று என்றால் பரந்து அடிக்கும் மருந்தில் தொடங்குவது பிழையில்லை, காத்திருக்க முடியாது. அறிக்கை வந்தபின் ஒடுக்கமான மருந்துக்கு இறக்குவதும், ஊசியிலிருந்து குளிசைக்கு மாற்றுவதும், தேவையில்லை என்றால் நிறுத்துவதும்தான் தவறிவிடக்கூடாத இரண்டாம் படி. "நல்ல ஊசியை நிறுத்திப்போட்டு வெறும் குளிசை தாறாங்கள்" என்று உறவினர் சண்டைக்குப் போகும் சந்தர்ப்பம் இதுதான். அது கைவிட்ட அறிகுறி என்று எண்ணவேண்டாம், பெரும்பாலும் நோயாளி தேறுகிறார் என்பதாலேயே மாற்றுகிறார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் கொடுக்கும் அன்டிபயோட்டிக் பொதுவாகக் கத்தி வைப்பதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் ஏறவேண்டும். பல சத்திரசிகிச்சைகளுக்கு அந்த ஒரு வேளையே போதும். காயம் ஆறும்வரை நாள்கணக்கில் தொடர்வதால் பெரிய நன்மை இல்லை. கடைசி வரிசை மருந்துகளுக்கு நுண்ணுயிரியல் வைத்திய நிபுணரின் அனுமதி கேட்பது வீண் தாமதம் போலத் தெரியலாம். அது ஒரு பூட்டு, பூட்டாகவே இருக்கட்டும்.

பெரிய மருந்துகளைவிடக் கிருமியைத் தடுப்பது கை. தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தர் என்று ஒரு பதவி இங்கே வைத்தியசாலைகளில் இருப்பதே அதற்காக. நோயாளியைத் தொடுமுன், தொட்டபின், குழாயில் கைவைக்குமுன் கை சுத்தம். பார்க்கும் நேரத்தில் நாமும் வருகிறோமே: பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து, அந்த நோயாளியின் தலையையும் தடவி, வந்து நம் ஆளுக்கு இடியப்பம் ஊட்டிவிடுகிறோம். அன்பு சரி, இடையில் ஒருமுறை கை கழுவலாம்.

இன்னொன்று. வயதானவரின் சிறுநீர்க் கல்ச்சரில் கிருமி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் மருந்து தேவையில்லை. எரிவு, காய்ச்சல், இடுப்பு நோ எதுவுமில்லாமல் சிறுநீரில் பக்டீரியா இருப்பது முதுமையில் சாதாரணம். கர்ப்பிணிகளுக்கு அப்படியில்லை, அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை வேண்டும்.

தயிர்ச் சட்டியும் கோழிக்கூடும்

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எருமைத் தயிர் போடுகிறவர்களுக்கு ஓர் இயற்கைப் பரிசோதனைக்கூடம் கையில் இருக்கிறது. மடிநோய்க்கு அன்டிபயோட்டிக் ஏற்றிய மாட்டின் பாலை, மருந்து வெளியேறும் நாட்கள் கழியுமுன் கறந்து உறைமோர் ஊற்றினால் தயிர் சரியாக உறையாது. உறையவைப்பதும் பக்டீரியாதான், மருந்து அதைக் கொன்றுவிடும். பால் கெட்டது என்று சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போவோம். ஆனால் அந்தப் பாலைக் காய்ச்சி யாராவது குடித்திருந்தால்? பல அன்டிபயோட்டிக்குகள் காய்ச்சினாலும் முழுதாக அழிவதில்லை. மிருக வைத்தியர் சொல்லும் விலக்கு நாட்களை அந்தக் கணக்கில் பார்க்கவேண்டும்.

கோழிப்பண்ணைகளில் பிரச்சினை வேறு: நோய் வராமலே, சீக்கிரம் கொழுக்க வைக்கத் தீனியோடு அன்டிபயோட்டிக் கலப்பது. உலகின் பல நாடுகளில் இது நடந்தது, சிலவற்றில் இன்னும் நடக்கிறது. மனிதருக்குக் கடைசி ஆயுதமான கொலிஸ்டினைச் சீனாவில் பன்றிகளுக்குத் தீனியில் கொடுத்தார்கள். அதற்கு அடங்காத, பிளாஸ்மிட்டில் பரவும் மரபணுவை 2015இல் அங்கே கண்டுபிடித்தார்கள். பின்னர் சீனா அந்தப் பாவனையைத் தடைசெய்தது. மரபணு அதற்குள் பல நாடுகளில் தென்பட்டுவிட்டது.

இதன் கணக்கு எங்கே போய் முடிகிறது?

2019இல் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பக்டீரியாவால் நேரடியாக இறந்தார்கள். 49 இலட்சத்து 50 ஆயிரம் மரணங்களில் அதற்கு ஏதோ ஒரு பங்கு இருந்தது. இவை 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வின் மதிப்பீடுகள். இந்த நிலை தொடர்ந்தால் 2025க்கும் 2050க்கும் இடையில் நேரடி மரணங்கள் 3 கோடி 90 இலட்சத்தைத் தொடும் என்று 2024இல் வந்த அடுத்த மதிப்பீடு சொன்னது. அதே ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தொடர்புடைய மரணங்களை 2030க்குள் 10 வீதத்தால் குறைப்பதாகவும், மனிதருக்குப் பாவிக்கும் அன்டிபயோட்டிக்குகளில் குறைந்தது 70 வீதம் மேலே சொன்ன மூன்றில் முதலாம் வகையில் (முதலில் எட்டவேண்டியவை) இருக்கவேண்டும் என்றும் தீர்மானித்தது.

எண்களைவிட, எவையெல்லாம் அன்டிபயோட்டிக்கில் தொங்குகின்றன என்று பார்த்தால் விளங்கும். சிசேரியன், முறிந்த எலும்புக்குத் தகடு வைப்பது, டயலிசிஸ், புற்றுநோய் மருந்து, குறைமாதக் குழந்தை, நீரிழிவுக்காரரின் கால் புண். இவற்றில் எதுவுமே தொற்றுநோய் இல்லை. ஆனால் தொற்றை அடக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொன்றும் செய்யப்படுகிறது. புதிய மருந்து வருமே என்றால், 1980களுக்குப் பிறகு உண்மையில் புதிய வகை அன்டிபயோட்டிக் வந்தது மிகக் குறைவு. ஐந்து நாள் போட்டு நிறுத்தும், அதுவும் கடைசிக்கு ஒதுக்கிவைக்கும் மருந்தில் கம்பனிகளுக்கு இலாபம் இல்லை. வாழ்நாள் முழுக்கப் போடும் பிரஷர்க் குளிசையில் இருக்கிறது.

இனி தொடக்கத்தில் பார்த்த அந்தக் கல்ச்சர் அறிக்கைக்கு வருவோம். அதைப் பார்த்து நாமே எஸ் உள்ள மருந்தைத் தெரிந்து பாமசிக்குப் போகக்கூடாது. எஸ் போட்ட மருந்து சிறுநீரகத்துக்கு, கர்ப்பத்துக்கு, தொற்று இருக்கும் இடத்துக்குப் பொருந்துமா என்பதை அந்த எழுத்து சொல்லாது. ஆனால் அதை எறியவும் கூடாது. கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள், கடந்த மூன்று மாதத்தில் போட்ட குளிசைகளின் வெற்று மட்டைகளையும் அதோடு. அடுத்தமுறை காய்ச்சலோடு வாட்டில் சேரும்போது, புதிய கல்ச்சர் வரும்வரை வைத்தியர் அனுமானத்தில் ஓடவேண்டிய அந்த இரண்டு மூன்று நாளுக்கு, கையில் இருக்கும் ஒரே தடயம் பெரும்பாலும் இந்தப் பழைய தாள்தான்.